பட்டியலில் இல்லாத ஏழைகள்

எருசலேமில் தோன்றிய முதல் திருச்சபையில் எழுந்த முதல் முறையீடு கோட்பாட்டைப் பற்றியதன்று. உணவுப் பங்கீட்டைப் பற்றியது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பைத் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறது. உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்த சமூகம் அது. தூய ஆவியாரின் கொடைகளைப் பெற்ற சமூகம் அது. அங்கேயே சிலர் விடுபட்டுப்போயினர். விடுபட்டவர்கள் யாரென்று எண்ணிப் பார்ப்போம்: பெண்கள், கணவரை இழந்தவர்கள், பெரும்பான்மையினரின் மொழியைப் பேசாதவர்கள். அங்கேயே இப்படியென்றால், நம் அரசுகள் வகுக்கும் பட்டியல்களில் ஏழை எவரும் விடுபடவில்லை என்று அதிகாரிகள் கூறும்போது நாம் எவ்வாறு நம்புவது?

வறுமையை அளப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. அளக்காத அரசு தன் கடமையையும் அறியாது. ஆனால் அளவுகோலை வாயிற்கதவாக்கி, “உள்ளே வர வேண்டுமானால் நீ ஏழை என்பதை நீயே மெய்ப்பித்துக்காட்டு” என்று ஏழையிடம் கேட்பது அநீதி. அந்த அநீதி நம் நாட்டில் எப்படிச் சட்டமாகவும் விதியாகவும் படிவமாகவும் உருக்கொண்டது என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

அளவுகோலின் கதை

நம் நாட்டின் வறுமையை எண்களில் எடுத்துக்காட்டிய முன்னோடி தாதாபாய் நௌரோஜி. 1867-68-ஆம் ஆண்டின் விலைவாசியில் ஓர் ஆள் ஓராண்டு உயிர்வாழ, இடத்துக்கு ஏற்ப 16 முதல் 35 ரூபாய் வரை தேவை என்று அவர் கணக்கிட்டார். இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானமோ 20 ரூபாய் என்று மதிப்பிட்டார். சிறைக் கைதிக்கு அரசு அளிக்கும் உணவும் உடையும்கூடக் குற்றமற்ற குடிமக்களுக்குக் கிட்டவில்லை என்பது அவர் வாதம். அவர் ஏழைகளை அளந்தது ஆட்சியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக.

விடுதலைக்குப்பின் அளவுகோல் அரசின் கைக்கு வந்தது. 1962-இல் திட்டக் குழு அமைத்த பணிக்குழு, 1960-61 விலைவாசியில் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவை வகுத்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவு அதில் இல்லை. அவற்றை அரசே வழங்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1979-இல் மற்றொரு குழு, ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி என்று கொண்டு, 1973-74 விலைவாசியில் ஊரகத்துக்கு மாதம் 49 ரூபாய் 9 காசு, நகரத்துக்கு 56 ரூபாய் 64 காசு என்று கோடு கிழித்தது. அக்கோட்டை விலைவாசிக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டே வந்தனர். இதற்கிடையில் கல்வியும் மருத்துவமும் விலைகொடுத்து வாங்கும் பொருள்களாகிவிட்டன. கோடு மட்டும் அதை அறியவில்லை. 2009-இல்தான் டெண்டுல்கர் குழு அச்செலவுகளையும் கணக்கில் சேர்த்தது.

சேர்த்தபின்னும் கோடு எங்கே நின்றது? 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் ஊரகத்தில் 26 ரூபாயும் செலவிடக்கூடியவர் வறுமைக்கோட்டுக்கு மேலே இருக்கிறார் என்பது அதன் சாரம். நாடே நகைத்தது, நகைக்க முடியாதவர்கள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். 2014-இல் ரங்கராஜன் குழு அந்தக் கோட்டை நகரத்துக்கு 47 ரூபாயாகவும் ஊரகத்துக்கு 32 ரூபாயாகவும் உயர்த்தப் பரிந்துரைத்தது. டெண்டுல்கர் கணக்கில் 2011-12-இல் ஏழைகள் 21.9 விழுக்காடு, ரங்கராஜன் கணக்கில் அதே ஆண்டில் 29.5 விழுக்காடு. அதாவது கோடு சற்று மேலே ஏறியதும் ஏறத்தாழ 9 கோடிப் பேர் புதிதாக ஏழைகளாயினர். அவர்களுடைய அடுப்பிலோ பாத்திரத்திலோ எந்த மாற்றமும் நிகழவில்லை.

அதன்பின் நிதி ஆயோக் வேறொரு வழியைக் கையாண்டது. ஊட்டச்சத்து, பள்ளிக் கல்வி, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு முதலிய 12 குறியீடுகளைக் கொண்டு பன்முக வறுமையை மதிப்பிட்டது. அதன்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு மட்டுமே. மின்விளக்கும் கழிப்பறையும் முன்னைவிடப் பல வீடுகளில் உள்ளன. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடல் (எண் 21) தரும் எச்சரிக்கையை இங்கு நினைவுகூர்வது தகும். பழங்காலத்து அளவுகோல்களைக் கொண்டு அளந்துவிட்டு, வறுமை குறைந்தது என்று இக்காலம் பெருமை பேசலாகாது. ஒவ்வொரு காலத்திலும் மனிதர் பெறக்கூடிய வாய்ப்புகளை வைத்தே வறுமையை அளக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வங்கிக் கணக்கு இருப்பது ஒன்று; அதில் பணம் இருப்பது வேறு.

தொகை முதலில், பெயர் பின்னர்

இதுவரை சொன்னது எண்ணிக்கையின் கதை. இனிச் சொல்வது பெயர்ப் பட்டியலின் கதை. இவ்விரண்டும் இணைந்த இடத்தில்தான் கொடுமை தொடங்கியது.

வறுமைக்கோட்டைக் கணக்கிட அரசு சில வீடுகளை மாதிரிக்கு எடுத்து அவற்றின் செலவை ஆராய்கிறது. அதிலிருந்து நூற்றுக்கு இத்தனை பேர் ஏழைகள் என்ற விகிதம் கிடைக்கிறது. அந்த ஆய்வுக்கு எண்ணிக்கை தெரியும்; எவர் பெயரும் தெரியாது. ஆனால் உதவி எண்ணிக்கைக்குப் போவதில்லை. பெயருள்ள மனிதருக்குப் போக வேண்டும். ஆகவே ஊரக வளர்ச்சி அமைச்சகம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும் குடும்பங்களைக் கண்டறியும் கணக்கெடுப்பைத் தனியாக நடத்தியது. 1992-இல் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 11,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்று கேட்டது. 1997-இல் காரை வீடு, மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவை உள்ளோரை முதலிலேயே நீக்கிற்று. கடன் வாங்கியோ சீராக வந்தோ வீட்டில் ஒரு மின்விசிறி சுழன்றால், அவ்வீட்டார் ஏழையாக இருக்கும் உரிமையை இழந்தனர்.

2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்னும் நுட்பமாயிற்று. 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. வீட்டில் ஓர் ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இரண்டுக்குக் குறைவென்றால் 0. பத்து அல்லது அதற்கு மேலென்றால் 4. அன்றாடச் சோற்றுக்காக வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கியவருக்கு 0. வங்கி போன்ற நிறுவனத்தில் மட்டும் கடன் வாங்கியவருக்கு 3. ஆக, மகளிர் குழுவில் சேர்ந்து, கந்துவட்டிக்காரரைக் கைவிட்டு வங்கிக்குப் போன பெண் தன் நேர்மைக்குத் தண்டனையாக மதிப்பெண் பெற்றாள். மதிப்பெண் குறைவாகப் பெறுகிறவரே தேர்ச்சி பெறும் விந்தையான தேர்வு அது.

இவ்வளவும் எதற்காக? ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை குடும்பங்கள் ஏழைக் குடும்பங்களாக இருக்கலாம் என்ற உச்சவரம்பு, திட்டக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி முன்னரே தில்லியில் வகுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகைக்குள் அடங்கும்படி பெயர்களைச் சுருக்குவதற்கே மதிப்பெண் பயன்பட்டது. முதலில் தொகை, பின்னர் பெயர். பந்தியில் இத்தனை இலைதான் என்று முடிவு செய்துவிட்டு, பசித்தவரை எண்ணுவதைப் போன்றது இது.

2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு பழைய முறைகளைவிடச் சிறந்தது. வீடற்றோர், பிச்சையேற்று வாழ்வோர், கையால் மலம் அள்ளுவோர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள், தொல்குடியினர் ஆகியோரைக் கேள்வியின்றிச் சேர்த்துக்கொண்டது. அதற்காக அரசைப் பாராட்டுகிறோம். ஆயினும் கேள்வியின்றி நீக்குவதற்கும் அது 14 விதிகள் வைத்திருந்தது.

வள்ளமும் திருமுழுக்கும்

அந்த 14 விதிகளுள் முதலாவது, பதிவு செய்ய வேண்டிய இயந்திர வண்டியோ இயந்திரம் பொருத்திய மீன்பிடி படகோ வைத்திருக்கும் குடும்பத்தை நீக்குவது. நம் கடற்கரைப் பங்குகளில் பணிபுரிந்த எவரும் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவர். எஞ்சின் வைத்த வள்ளம் எப்படி ஒரு வீட்டுக்கு வருகிறது? மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து வருகிறது. பிடித்த மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும். வள்ளம் அவருடையதென்பது பதிவேட்டில் மட்டுமே. மண்ணெண்ணெய்க்குக் காசில்லாத நாளில் அது கரையில் கிடக்கும். கணக்கெடுக்க வந்தவர் கண்ணுக்கோ அது ஒரு சொத்து.

அடுத்தது இன்னும் வேதனையானது. அக்கணக்கெடுப்பு நலிவின் அடையாளங்களாக ஏழினைக் கொண்டது. பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் குடும்பம் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தலித் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அதே சேரியில், அதே ஓலைக்குடிசையில், அதே கூலிக்கு வாழ்ந்தாலும், அண்டை வீட்டாருக்குக் கிட்டிய அந்த அடையாளம் அதற்குக் கிட்டவில்லை. திருமுழுக்குப் பெற்றதால் நிலமற்றவர் நிலமுடையவர் ஆவதில்லை. சாதி இழிவும் நீங்கிவிடுவதில்லை. இதை அரசுக்கு எடுத்துச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஆனால் நம் கல்லறைத் தோட்டங்களில் தடுப்புச் சுவர் எழுப்பி, இழிவு நீங்கவில்லை என்பதற்கு நாமே சான்றளித்தவர்கள் என்பதையும் நாணத்தோடு ஒப்புக்கொள்வோம்.

இவையெல்லாம் பெரிய கணக்குகள். சிறிய கணக்கு ஒன்றையும் சொல்கிறோம். நம் பங்கில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகைக்காகப் பலமுறை அலைந்தார். ஒருநாள் பூசை முடிந்ததும் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். “சாமி, எனக்கு மகன் இருக்கானாம், அதனால பணம் கெடையாதாம். மகன் இருக்கானான்னு நீங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க” என்றார். மகன் இருக்கிறான், திருமுழுக்குப் பதிவேட்டில் அவன் பெயர் நம் கண் முன்னே கிடக்கிறது. ஊரைவிட்டுப் போய் ஐந்து ஆண்டுகளாகின்றன. காசும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. என்னவென்று எழுதிக்கொடுப்பது? உண்மையை எழுதினோம், பயன்படவில்லை. மகன் உண்டா என்று கேட்டார்கள். மகன் சோறு போடுகிறானா என்று கேட்கவில்லை.

இரண்டு பிழைகளும் ஒன்றல்ல

எந்தப் பட்டியலிலும் இருவகைப் பிழை நேரும். உதவி தேவைப்படாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று. தேவைப்படுகிறவர் வெளியே நின்றுவிடுவது மற்றொன்று. ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்காக 2009-இல் அறிக்கை தந்த என்.சி. சக்சேனா குழு, ஏழைகளுள் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் பட்டியலுக்கு வெளியே நின்றனர் என்றும், ஏழையல்லாதோருள் 25 விழுக்காட்டினர் பட்டியலுக்குள் இருந்தனர் என்றும் எடுத்துக்காட்டியது. ஐந்து ஏழைகளில் மூவரைத் தவறவிட்ட வலையை யார்தான் வலை என்பார்?

ஆட்சியாளரும் செய்தித்தாள்களும் முதல் பிழையைப் பற்றியே ஓயாது பேசுகின்றனர். காரில் வந்து இலவச அரிசி வாங்கியவர் கதை ஊரெங்கும் பரவுகிறது. பட்டியலில் இல்லாததால் பட்டினி கிடந்தவர் கதை பரவுவதில்லை. ஆனால் அறநெறித் தராசில் இவ்விரண்டும் சமமா? முதற்பிழையால் அரசு கொஞ்சம் பணம் இழக்கிறது. இரண்டாம் பிழையால் ஒரு குடும்பம் உணவை இழக்கிறது. 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 அகவைச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பசியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றது அரசு. ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. போலிகளைக் களையும் முயற்சியில் உண்மையான ஏழை களையெடுக்கப்பட்டாள். களைகளோடு கோதுமையும் பிடுங்கப்பட்டுவிடும் என்று அஞ்சி, அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்ன வீட்டுத்தலைவரின் உவமை நமக்குத் தெரியாததா?

விரல்ரேகைப் பொறி வந்தபின் நம் ஊர் ரேஷன் கடைகளிலும் ‘ரேகை விழவில்லை’ என்ற சொல் வழக்கமாகிவிட்டது. யாருடைய ரேகை விழுவதில்லை? பனையேறியும் கல்லுடைத்தும் வலை இழுத்தும் தேய்ந்த விரல்களே பொறியில் தோற்கின்றன. உழைப்பே அவர்களின் அடையாளத்தை அழித்துவிட்டது.

எல்லாருக்கும் என்ற வழி

இதற்கு மாற்று உண்டா என்று கேட்போருக்குத் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. 1997-இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்து ரேஷன் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான பங்கீட்டையே தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரகத்தில் 75 விழுக்காட்டினர், நகரத்தில் 50 விழுக்காட்டினர் என்று மீண்டும் வரம்பு கட்டியது. 2016 நவம்பரில் அதில் சேர்ந்தபோதும் தமிழ்நாடு அரிசியை எல்லாருக்குமே வழங்கியது. மாறி மாறி வந்த இரு கழக ஆட்சிகளும் இதில் வேறுபடவில்லை.

“பணக்காரருக்கும் அரிசியா? வீண் செலவன்றோ?” என்பர். அரிசி வேண்டாதோர் தாமாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ள இங்கு வழியுண்டு. வசதியுள்ளவர் அந்த அரிசிக்காக வரிசையில் நிற்பதும் அரிது. ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது என்பதும் உண்மையே; கடத்துகிறவரைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அதற்காகப் பசித்தவரைத் தண்டிப்பது எந்த நீதி? மேலும், எல்லாரும் வாங்கும் கடையில் அரிசி கெட்டிருந்தால் கேட்பதற்குக் குரலுள்ளவர்களும் இருப்பர். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய கடையில் அந்தக் குரல் எழாது.

பணமாக வழங்கும் எல்லா உதவிகளையும் எல்லாருக்கும் வழங்க இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதற்கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மேல் தேர்வாயினர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், மின்சாரம் 3600 யூனிட் என்று வரம்புகள் வகுக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் வசதியுள்ளோரை நீக்கி ஏனையோரைச் சேர்க்கும் இம்முறை, ஏழையை நோக்கி ‘மெய்ப்பித்துக்காட்டு’ என்னும் முறையைவிட மேலானது. ஆனால் உரிமை என்று பெயர் சூட்டிவிட்டு, முதியோர் உதவித்தொகையும் கைம்பெண் உதவித்தொகையும் பெறுவோரைத் தொடக்க விதிகளிலேயே விலக்கியது பொருந்தவில்லை. உரிமையென்றால் அது ஏற்கெனவே உதவி பெறுபவருக்கும் உரியதே.

நம் பதிவேடுகள்

அரசை நோக்கி விரல் நீட்டும்போது நம்மையும் நோக்குவது கடமை. திருச்சபையும் தொடக்கம் முதல் பட்டியல் வைத்திருந்தது. திமொத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம், கைம்பெண்கள் பட்டியலில் சேர அறுபது வயது நிறைவு முதலிய தகுதிகளைக் கூறுகிறது. 251-ஆம் ஆண்டளவில் உரோமைத் திருச்சபை 1500-க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் தாங்கிவந்ததாகத் திருத்தந்தை கொர்னேலியு எழுதியிருக்கிறார். பட்டியல் இருந்தது. ஆனால் புனித யோவான் கிறிசோஸ்தோம் போன்ற திருச்சபைத் தந்தையர், கையேந்தி வருபவரின் வாழ்வைத் துருவித் துருவி விசாரிப்பதைக் கடுமையாகக் கண்டித்தனர்; தேவையில் இருப்பது ஒன்றே அவருக்குப் போதுமான தகுதி என்று போதித்தனர்.

இன்று நம் பங்குகளில் நடப்பதென்ன? வின்சென்ட் தே பவுல் சபை உதவிக்குக் குடும்பங்களைத் தெரிவு செய்யும்போது ஞாயிறு பூசைக்கு வருகிறார்களா, ஊர் வரி கட்டினார்களா என்றெல்லாம் பார்க்கிறோமே, அது எந்த 14 விதிகளுள் சேரும்? சில ஊர்களில் கைம்பெண் வீடு முழுத் தலைக்கட்டாகக்கூட எண்ணப்படுவதில்லை. வரி கட்டும்போது குறைத்து எண்ணப்படுவது சலுகையாகத் தோன்றலாம். ஊர்க்கூட்டத்தில் பேச எழும்போதும் அவள் குறைத்தே எண்ணப்படுகிறாள்.

எருசலேமில் அன்று என்ன செய்தனர்? முறையிட்ட கைம்பெண்களிடம் திருத்தூதர்கள் சான்றிதழ் கேட்கவில்லை. இத்தனை விழுக்காட்டினர் விடுபடுவது இயல்பே என்றும் சொல்லவில்லை. குறையை ஏற்றுக்கொண்டு, பங்கீட்டைக் கவனிக்க எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்தியோக்கியாவைச் சேர்ந்த நிக்கொலா ஈறாக எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட தரப்பினர் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்தது திருச்சபை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

நம் கோரிக்கையும் அதுவே. உணவு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் கோடு வேண்டா, எல்லாருக்கும் வழங்குக. பட்டியல் தவிர்க்க முடியாத இடத்தில், நீக்குவதற்கான காரணத்தை அரசே மெய்ப்பிக்கட்டும். அதுவரை விண்ணப்பித்தவர் உள்ளேயே இருக்கட்டும். பட்டியல் கிராம சபையில் உரக்க வாசிக்கப்படட்டும். திருத்தும் குழுவில் விடுபட்டோரே பெரும்பான்மையாக அமரட்டும். நம் பங்குகளிலும் அவ்வாறே செய்வோம். இவ்வாண்டு உதவி பெறுவோர் பட்டியலை அன்பியக் கூட்டத்தில் வாசிக்கும்போது, ‘யார் பெயர் இதில் இல்லை?’ என்ற கேள்வியை முதலில் கேட்போம்.

அந்த மூதாட்டி இன்னமும் பூசைக்கு வருகிறார். அவருடைய மனு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அவரோடு நாமும் போகவிருக்கிறோம்.